ஊமை மாத்திரை

ரேடியோவின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்து நொபுயோ தன் இடத்தில் உட்கார்ந்தாள். வானிலை சொல்கிறவரின் குரல் தகரக் கூரையில் முட்டிக்கொண்டு திரும்பியது. நீண்ட மேசையில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஒன்பது பெண்களில் ஒருத்திகூட நிமிரவில்லை. சிப்பி உடைக்கிற கொட்டகையில் இது யாரும் எழுதிவைக்காத வழக்கம். காலையில் எவளுக்கு நெஞ்சு விசிலடிக்கிறதோ அவள் போய் ரேடியோவைக் கூட்டுவாள். ஏன் என்று மற்றவர்கள் கேட்கமாட்டார்கள். அவரவர் கத்தியும் அவரவர் வாளியுமாக வேலை நடக்கும்.

ஹிரோஷிமாவுக்கு எதிரே இருக்கும் அந்தத் தீவில் ஜனவரி மாதக் குளிர். கடலில் மூங்கில் தெப்பங்களுக்குக் கீழே கம்பிகளில் தொங்கி வளர்ந்த சிப்பியைப் படகு ஏற்றிவந்து, கொட்டகையின் பின்சுவர்த் திறப்பு வழியாகக் கொட்டும். மேசைமேல் அது மலையாகக் குவியும். எதிரில் இருப்பதை இழுத்து, ஓட்டின் விளிம்பைக் கத்தி முனையால் தட்டி உடைத்து, உள்ளே விட்டு ஒரு அறுப்பு, ஒரு திருப்பு, சதை வாளிக்குள் போய்விடும். நொபுயோ இருபத்தாறு வருடமாக இதைத்தான் செய்கிறாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை செய்யும். கையில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வருகிற ஹோயாவில் இருந்தது. விரல் பருமனில், பழுப்பும் வெள்ளையுமாக, கடல்நீர் நிரம்பிய உயிருள்ள பை அது. ஓட்டைத் தட்டும்போது நசுங்கிப் பீச்சும். பீச்சுகிற நீர் தூறலாகக் கிளம்பி மேசைமேல் மிதக்கும், முகத்தில் படியும், மூச்சோடு உள்ளே போகும். பத்து வருடம் பதினைந்து வருடம் ஒன்றும் செய்யாது. பிறகு ஒரு குளிர்காலத்தில் விடியற்காலையில் இருமல் வரும். அடுத்த குளிர்காலத்தில் விசில் வரும். மே மாதம் கொட்டகையை மூடினால் விசிலும் போய்விடும், சரியாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அக்டோபரில் முதல் கம்பி மேலே ஏறியதும் அது விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

நொபுயோவுக்கு இது ஐந்தாவது குளிர்காலம். அவள் கணவன் இசாவோ, இடுப்பு ஒடிந்து தெப்ப வேலையை விட்டவன், காலையில் அவள் குனிந்து பூட்ஸ் போடும்போது காதைக் கொடுத்துக் கேட்பான். "உன் நெஞ்சுக்குள்ள எவனோ புல்லாங்குழல் கத்துக்கறான். அஞ்சு வருஷம் ஆச்சு, ஒரு பாட்டும் வரல," என்பான். அப்படிச் சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வான்.

கொட்டகையில் நெஞ்சை மறைப்பதற்கு ஃபுமியேதான் காரணம். இரண்டு வருடத்துக்கு முன்னால் நொபுயோவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தவள். பேசிக்கொண்டே இருந்தவள் பாதிப் பேச்சில் நிறுத்தினாள். உதடு சிப்பி ஓட்டின் உள்பக்கம்போல் நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு முதலாளியின் மனைவி ரிட்சுகோ அவளை மேசைக்கு வரவிடவில்லை. உன் நன்மைக்குத்தான் என்றாள். அதில் பொய் இல்லை, அன்றைக்கு ஃபுமியேவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளே ரிட்சுகோதான். ஃபுமியே இப்போது சாலையோர வீட்டில் ஜன்னலருகே உட்கார்ந்து, காலையில் வேலைக்குப் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். கொட்டகைக்குப் போகும்போது அந்த ஜன்னலைக் கடக்கையில் பெண்கள் எல்லோரும் ஒருமுறை கையாட்டுவார்கள், பிறகு நடையைக் கூட்டுவார்கள். அந்த நாளிலிருந்து ரிட்சுகோ தினமும் வரிசைக்குப் பின்னால் மெதுவாக நடப்பாள். வாளியைப் பார்ப்பதுபோல் ஒவ்வொருத்தி முதுகுக்குப் பின்னாலும் நிற்பாள். அவள் பார்ப்பது வாளியை அல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

ரேடியோ போதாத நாட்களுக்கு ஊமை மாத்திரை இருந்தது.

அதைக் கொடுப்பவள் ஷிகேமி. நொபுயோவுக்கு இடப்பக்கம் உட்காருகிறவள், ஆறு வயது மூத்தவள். தீவிலிருக்கும் வயசான வைத்தியர் அவளுக்கு மூச்சு முட்டும்போது சாப்பிடச் சொல்லி வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சின்னதாக, கசப்பாக இருக்கும். இரண்டு விழுங்கினால் சாயங்காலத்துக்குள் நெஞ்சு வாய் பொத்திக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பேர். ஷிகேமி அதை நான்காக மடித்த காகிதத்தில் வைத்து ரப்பர் கையுறைக்குள் செருகிவைத்திருப்பாள். யாருக்கு ரேடியோ இரண்டு நாள் தொடர்ந்து சத்தமாக இருக்கிறதோ அவள் மடியில் அந்தக் காகிதம் விழும். பதிலுக்கு யாராவது பனிச்சைப்பழ வற்றல் கொண்டுவருவார்கள், யாராவது அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பார்கள். ஷிகேமியின் முகம் நிலாபோல் வட்டமாகிவிட்டது. முன்கையில் எங்கே இடித்தாலும் ஊதாவாகக் கன்றிவிடும். "சதை போட்டுட்டேன், வீட்டுக்காரர் காசுல சாப்பாடு அப்படி," என்று சிரிப்பாள். அவள் கணவன் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது.

இந்தப் பருவத்தில் மாத்திரை மட்டும் போதவில்லை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி உலர்த்தும்போது நொபுயோவால் கையைக் கீழே இறக்க முடியவில்லை. காற்று உள்ளே போனது, வெளியே வரவில்லை. இசாவோ ஒடிந்த இடுப்போடு வண்டியை ஓட்டிப் பாலம் தாண்டி ஹிரோஷிமாவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கேதான் டாக்டர் அகியாமா அறிமுகமானாள். முப்பத்தைந்து வயதிருக்கும், தலைமுடியைப் பென்சில் குத்தி முடிந்திருப்பாள். புதுசாக ஒரு ஊசி இருக்கிறது, மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், உங்களைப் போன்ற பலபேருக்குக் கேட்டிருக்கிறது என்றாள். சிப்பி வேலையை விட்டால் அதைவிட நல்லது என்றும் சொன்னாள். நொபுயோ இரண்டாவதைக் காதில் வாங்கவில்லை. ஊசி போடலாமா என்று தெரிய ரத்தம் எடுக்கவேண்டும், ஜனவரியில் வாங்க என்று தேதி கொடுத்தாள்.

அந்தத் தேதிக்கு இசாவோவால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. கேள்விப்பட்ட ரிட்சுகோ, நானும் நகரத்துக்குச் சரக்குக் கொண்டுபோகிறேன், முழங்கால் வலியென்றுதானே போகிறாய், வேனில் ஏறிக்கொள் என்றாள். முழங்கால் வலியென்றுதான் நொபுயோ கொட்டகையில் சொல்லியிருந்தாள். நாற்பது நிமிடம் மூடிய வேனுக்குள் ரிட்சுகோவின் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போகவேண்டும். வேனில் ரேடியோ கெட்டுப்போய் ஒரு வருடம் ஆகிறது. அதை நினைத்தே நொபுயோவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. முந்தின மூன்று நாளும் காலையிலும் மாலையிலும் ஊமை மாத்திரை விழுங்கினாள். போகிற அன்றைக்கு ஷிகேமி இன்னும் இரண்டு கொடுத்தனுப்பினாள். வேனில் நெஞ்சு ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியாக இருந்தது. ரிட்சுகோ தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே ஓட்டினாள். நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பியாயிற்று என்று நொபுயோ அன்றைக்கு நிம்மதியாகக் குளித்தாள்.

ஒரு வாரம் கழித்து, முடிவு கேட்பதற்குப் பேருந்தில் தனியாகப் போனாள். மாத்திரையும் தீர்ந்திருந்தது, விசிலும் திரும்பியிருந்தது. டாக்டர் அகியாமா குழாயை முதுகில் வைத்துக் கேட்டாள், காகிதத்தைப் பார்த்தாள், மறுபடியும் முதுகில் வைத்தாள். பென்சிலை முடியிலிருந்து உருவி ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"உங்க நெஞ்சு ஒண்ணு சொல்லுதும்மா. உங்க ரத்தம் வேற ஒண்ணு சொல்லுது."

நொபுயோவுக்கு விளங்கவில்லை. டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"உங்க ஊர்ல கம்பத்துல ஒலிபெருக்கி இருக்குல்ல, சுனாமி வந்தா கத்துமே?"

"இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பாட்டுப் போடும்."

"அது மாதிரி உங்க மூச்சுக்குழாய்லயும் இருக்குன்னு வெச்சுக்குங்க. ஹோயா தண்ணி ஒரு துளி பட்டாப் போதும், உள்தோல் அலை வருது அலை வருதுன்னு கூப்பிடும். சத்தம் போட்டு இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைச் சுரந்து அனுப்பும். இன்டர்லூக்கின்னு குடும்பப் பேரு. ஆளுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். நாலு, அஞ்சு, பதிமூணு. பதிமூணு கூப்பிட்டா சளி கட்டும். அஞ்சு கூப்பிட்டா எலும்புக்குள்ள இருந்து ஒரு வகை வெள்ளை அணு கூட்டங்கூட்டமா ஓடி வரும். வந்து பாத்தா அலையே இல்ல. வந்ததுங்க சும்மா போகுமா? கதவு ஜன்னல் எல்லாத்தையும் உடைச்சுப் போட்டுட்டுத்தான் போகும். அந்த வீக்கந்தான் உங்க விசில்."

"ஊசி என்ன பண்ணும்?"

"அஞ்சாம் நம்பர் வாயை மட்டும் பொத்தும். ஆனா அந்த அணு ரத்தத்துல முந்நூறுக்கு மேல இருந்தாத்தான் அதைப் போட்டுப் பிரயோஜனம். உங்களுக்கு முப்பதுதான் இருக்கு. அப்படின்னா உங்க வீட்டை உடைக்கிறது அவங்க இல்ல, வேற யாரோ." அவள் காகிதத்தை மறுபடியும் பார்த்தாள். "ரத்தம் கொடுக்கறதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க," என்றாள் நொபுயோ. யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது. இரண்டு வருடமாக அது அப்படியே பழகியிருந்தது.

வேறு வழி பார்க்கலாம், நவம்பரில் கொடுத்த, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தை விடாதீர்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நொபுயோ உட்கார்ந்தாள். கைப்பையில் இசாவோ கட்டிக்கொடுத்த சோற்றுருண்டை இருந்தது. பிரிக்கவில்லை. வேறு யாரோ என்றால் யார்? ஊசி இல்லையென்றால் அடுத்த அக்டோபர் என்ன ஆகும்? ஃபுமியேவின் ஜன்னலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜன்னல் என்று தோன்றியது. அதற்கு மேலே யோசிக்கப் பயமாக இருந்ததால் ஒலிபெருக்கியை யோசித்தாள். போன கோடையில் அவள் தெருவின் ஒலிபெருக்கியில் குளவி கூடு கட்டிவிட்டது. கலைக்க வந்த நகராட்சி ஆள் முதலில் கம்பத்தின் அடியிலிருந்த பெட்டியைத் திறந்து மின்சாரத்தை அணைத்தான். அன்றைக்கு ஐந்து மணிப் பாட்டு வரவில்லை. தெருவே வெளியே வந்து நின்று, மணி என்ன, மணி என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது.

பேருந்து வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் அவளைப் பார்த்தான். அவள் கையை அசைத்துப் போகச் சொன்னாள்.

மதிய இடைவேளை முடியும்வரை அவள் டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தாள். உள்ளே போய் நின்றபடியே சொன்னாள்.

"மாத்திரை சாப்பிட்டேன் டாக்டர். மூணு நாளு. அன்னிக்குக் காலையிலயும்."

"வெள்ளையா, சின்னதா, கசக்குமா?"

"கசக்கும்."

டாக்டர் திட்டுவாள் என்று நொபுயோ எதிர்பார்த்தாள். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, அந்த மாத்திரை நாலையும் அஞ்சையும் பிரித்துப் பார்க்காது, ஊர் முழுக்க மின்சாரத்தைப் பிடுங்கிவிடும், அந்த அணுவெல்லாம் அப்போதைக்கு ரத்தத்தைவிட்டு ஓடி ஒளிந்துகொள்ளும் என்றாள். மூன்று வாரம் மாத்திரையைத் தொடாமல் இருந்தால் ரத்தம் தன்னால் உண்மையைச் சொல்லும், அப்போது மறுபடியும் எடுத்துப் பார்க்கலாம். உறிஞ்சுகிற மருந்தை இரண்டு வேளையும் விடக்கூடாது. மூன்று வாரமும் கொட்டகைப் பக்கமே போகக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தாள். தினமும் காலையில் அதில் பலம்கொண்ட மட்டும் ஊதவேண்டும், முள் நிற்கிற எண்ணைக் குறித்துவைக்கவேண்டும். இருநூறில் சிவப்புக் கோடு போட்டிருந்தாள். அதற்குக் கீழே போனால் பரிசோதனையாவது மண்ணாவது, உடனே வந்துவிடவேண்டும்.

"யார் கொடுத்தாங்கன்னு கேக்கல," என்றாள் கடைசியில். "அவங்களையும் கூட்டிட்டு வாங்க. வருஷக்கணக்கா அதைத் தின்னா எலும்பு உள்ளுக்குள்ளயே உதிரும். நீங்க நாலு நாள் சாப்பிட்டீங்க, விட்டுடலாம். அவங்க திடீர்னு நிறுத்தவும் கூடாது, ஆபத்து. நான் பாக்கணும்."

நொபுயோ எல்லாவற்றுக்கும் சரி என்றாள். மறுநாள் காலை கொட்டகைக்குப் போனாள். பருவத்தின் உச்சத்தில் மூன்று வாரம் வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் நெஞ்சைச் சொல்லவேண்டும். முகமூடியை இரண்டாகப் போட்டுக்கொண்டாள்.

முதல் நாள் முள் முந்நூற்றுப் பத்தில் நின்றது. ஐந்தாம் நாள் இருநூற்றுத் தொண்ணூறு. இசாவோ குழாயை வாங்கித் தானும் ஊதிப்பார்த்து ஐந்நூறு தாண்டினான், உடனே வெட்கப்பட்டுக் கீழே வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் ஊதும்போது அவன் அடுப்படிக்குப் போய்விடுவான், அங்கிருந்து "எவ்வளவு?" என்று மட்டும் கேட்பான். ஒன்பதாம் நாள் இருநூற்று எழுபது. அவள் இருநூற்றுத் தொண்ணூறு என்று சொன்னாள்.

டாக்டர் சொன்னதை ஷிகேமியிடம் சொல்ல ஒரு வாரம் பிடித்தது. தேநீர் இடைவேளையில், கொட்டகைக்கு வெளியே வெந்நீர்த் தொட்டியில் கையை நனைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். ஷிகேமி கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என் பேரைச் சொன்னியா?"

"சொல்லலக்கா."

"சொல்லாமத்தான் கூட்டிட்டு வான்னாளா?"

"பேரே கேக்கலக்கா. எலும்பு உதிரும்னு..."

"என் எலும்பு எனக்குத் தெரியாதா." தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். முழங்கைவரை ஊதாவாக இருந்தது. "நீ மூச்சு விடணும்னு என் வாயில இருந்து எடுத்துக் குடுத்தேன். ஒனக்கு ஊசி வேணும், அதனால இப்ப நான் நோயாளி ஆயிட்டேன். நல்லா இருக்குடி நொபு."

அன்றைக்கு ஷிகேமி தன் வாளியை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்திவைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக இரண்டு வாளியும் ஒட்டியே இருந்தவை. நொபுயோ மனதுக்குள் பதில்களைத் தயார் செய்தாள், ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது, ஒன்றைக்கூடச் சொல்ல மூச்சு இல்லை.

பதினான்காம் நாள் இருநூற்று நாற்பது. ரேடியோவை அவள் கூட்டவில்லை, அவளுக்கு முன்னாலேயே யாரோ கூட்டிவைத்திருந்தார்கள். ரிட்சுகோ முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த மூச்சை விடும்போது இருமல் வந்தது. இருமலை ஓட்டைத் தட்டும் சத்தத்தோடு சேர்த்து இருமக் கற்றுக்கொண்டாள். ஹோயா ஒன்று நசுங்கி முகமூடிமேல் பீச்சியபோது, இதோ இப்போது உள்ளே கூப்பிடுகிறது என்று நினைத்தாள். அஞ்சாம் நம்பர் கூப்பிடுகிறது, எலும்புக்குள்ளிருந்து கிளம்புகிறார்கள், வரட்டும், இந்தத் தடவை வரட்டும், முந்நூறு பேராவது வரட்டும். தன்னை அடிக்க வருகிறவர்களை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது விநோதமாக இருந்தது. ஒருவேளை வராமலே போய்விட்டால் என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மூச்சு முட்டினாலும் பயம், முட்டாவிட்டாலும் பயம். பதினெட்டாம் நாள் மேசைமேல் ஓடுகளுக்கு நடுவில் நான்காக மடித்த காகிதம் ஒன்று நகர்ந்து வந்தது. ஷிகேமி அவள் பக்கம் திரும்பவில்லை.

"கோபத்தை எம்மேல காட்டு. நெஞ்சுமேல காட்டாத," என்றாள் ஓட்டைப் பார்த்தபடி. "முழுங்குடி. நீலமா இருக்க."

நொபுயோ காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினால் சாயங்காலம் படுத்துத் தூங்கலாம். பதினெட்டு நாளும் வீண். கையுறை விரலால் அதை மெதுவாகத் திருப்பித் தள்ளினாள். ஷிகேமி அதை எடுத்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள். வாளியை மட்டும், காலாலேயே, ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்திவைத்தாள்.

இருபதாம் நாள் காலை முள் இருநூற்றுப் பத்தில் நின்றது. மறுபடியும் ஊதினாள். இருநூற்று ஐந்து. இசாவோ அடுப்படியிலிருந்து எவ்வளவு என்று கேட்கவில்லை. வந்து பார்த்தான்.

"இன்னிக்கு மட்டும் போகாத," என்றான்.

"நாளைக்கு ஊசி போடலாமான்னு தெரிஞ்சுடும். இன்னிக்கு நான் வரலன்னா அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா என்னடி?"

அவளுக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது. சாலையில் ஃபுமியேவின் ஜன்னலைக் கடக்கும்போது கையாட்டினாள், நடையைக் கூட்ட முடியவில்லை. ஃபுமியே கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்று அவள் திருப்பம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் ரிட்சுகோ வரிசைக்குப் பின்னால் நடந்து வந்தாள். தரையைக் கழுவுகிற ரப்பர் குழாய் கையில் இருந்தது. நொபுயோவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நொபுயோ மூச்சைப் பிடித்தாள். பிடிப்பதற்கு மூச்சு இல்லை. விசில் தானாகவே வெளியே வந்தது, நீளமாக, முடிவில் இரண்டாகப் பிரிந்து. ரிட்சுகோ நகரவில்லை. ரேடியோவில் யாரோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரிட்சுகோ நடந்துபோய் அதை அணைத்தாள். இந்தக் கொட்டகையில் வேலை நேரத்தில் அந்த ரேடியோ அணைந்து யாரும் பார்த்ததில்லை.

"நொபுயோ. அது உன் நெஞ்சா?"

நொபுயோ கத்தியைக் கீழே வைத்தாள். முழங்கால் வலி என்று சொல்ல வாய் திறந்தது. இந்தத் தடவை வாய்க்கு முன்னால் அவள் போய்விட்டாள்.

"ஆமா முதலாளியம்மா. அஞ்சு வருஷமா."

"எந்திரி. கத்தியை வெச்சுட்டு எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்கு ரத்தம் கொடுக்கணும். இருபது நாளா மாத்திரை போடாம வெச்சிருக்கேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது. "நாளைக்கு வரைக்கும் இது சத்தம் போட்டாகணும்."

"என்ன மாத்திரை?" என்றாள் ரிட்சுகோ.

பெண்கள் ஒவ்வொருத்தராகக் கையை நிறுத்தினார்கள். கடைசியாக மேசைக் கோடியில் ஒரு கத்தி ஓட்டைத் தட்டி நின்றது. உடைத்த ஓடுகளை வெளியே கொண்டுபோகிற பட்டை கொஞ்ச நேரம் வெறுமே ஓடியது, யாரோ அதையும் நிறுத்தினார்கள். வெளியே படகின் கயிறு கல்லில் உராய்வது கேட்டது.

அந்த அமைதியில் நொபுயோவின் விசில் மறுபடியும் எழுந்தது. அது அடங்குவதற்குள் அவளுக்கு இடப்பக்கத்திலிருந்து இன்னொன்று கேட்டது, மெல்லியதாக, ஈரமாக. ஷிகேமி கையுறை போட்ட கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். காலையில் அவள் இரண்டு விழுங்கியதை நொபுயோ கண்ணால் பார்த்திருந்தாள். விழுங்கியும் அது பேசாமல் இருக்கவில்லை. விரல்களுக்கு நடுவிலிருந்து வந்துகொண்டே இருந்தது. நொபுயோ மேசைக்கடியில் கையை நீட்டி அந்த ஈர ரப்பர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஷிகேமி உதறவில்லை. எதிர் வரிசையில், தலைத்துணியை இழுத்துவிட்டபடி குனிந்திருந்த யாரிடமிருந்தோ மூன்றாவதாக ஒன்று, சின்னதாக, இப்போதுதான் ஆரம்பித்ததுபோல்.

ரிட்சுகோ ரேடியோவுக்குப் பக்கத்திலேயே நின்று ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்த்துக்கொண்டே போனாள். கையிலிருந்த குழாயை அவள் மறந்துவிட்டிருந்தாள். தண்ணீர் அவள் பூட்ஸ்மேல் விழுந்து, தரையில் கிடந்த ஹோயாத் தோல்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு, வாய்க்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.